பஸ்ஸுக்காரங்க சோறு

புதிதாகக் கண்டக்டர் பை மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் டிப்போ கேண்டீனில் உங்களில் ஒருத்தர் என்னைக் கேட்டார். "சார், முப்பது வருஷத்துக்கு மேல கண்டக்டரா இருந்திருக்கீங்க. நீங்க செஞ்சதுலயே பெரிய தப்பு எதுங்க?"

செக்கிங்கில் மாட்டிக்கொண்டதையோ, டிக்கெட் கட்டைத் தொலைத்ததையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் எல்லாருக்கும் நடக்கும். நடந்து மறந்தும் போகும். அவர் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது, நான் ஒரு மனுஷனிடம் சொன்ன ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உங்களுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலிலிருந்து காலையில் தருமபுரிக்குப் புறப்படும் பஸ்ஸில் எனக்கு வேலை. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் ஏறினால்தான் அந்த பஸ் நிறையும். ரயில் லேட்டானால் நாங்களும் லேட். லேட்டானால் வழியில் இருக்கிற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூட்டம் இரண்டு மடங்காக நிற்கும். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். தினமும் காலையில் எனக்குள் ஒரு பதற்றம் இருந்தது. பதற்றத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்து, அதை அதட்டலாக மாற்றிக்கொண்டேன். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று நான் கத்துவது என்னுடைய பயம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆறாவது ஸ்டாப்பில் மாதையன் என்று ஒருவர் ஏறுவார். அவர் பேர் மாதையன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். முப்பது வயதிருக்கும். ஸ்டாப் என்று சொல்ல அங்கே ஒரு மைல்கல்லும் ஒரு வேலமரமும்தான் இருக்கும். ஊர் உள்ளே இரண்டு கிலோமீட்டர். அந்த மரத்தடியில் பத்து நாளாக அவர் கையில் ஒரு தூக்குப்போசியோடு நின்றுகொண்டிருந்தார். அந்தத் தூக்குச்சட்டியின் மூடியைத் துணி போட்டுக் கட்டி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பார். ஏறியதும் பேசமாட்டார். தருமபுரி பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குவார். சாயந்திரம் அதே பஸ்ஸில் திரும்புவார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் ஐம்பது அறுபது பேர் ஏறி இறங்குகிறார்கள், ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ரயில் இருபது நிமிஷம் லேட். ஆறாவது ஸ்டாப்புக்கு வரும்போதே பின்படிக்கட்டில் நாலு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மாதையன் ஏறினார். ஒரு கை கம்பியில், ஒரு கையில் போசி. போசி இருந்த கையை மடக்கியிருந்ததால் அவருக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடம் வீணாகிறது என்று எனக்குப் பட்டது.

"யோவ், அதைக் கீழ வையுய்யா. ஆளுங்க ஏற வேணாமா?"

"சோறுங்க. புடிச்சுக்கறேனுங்க" என்றார்.

நான் அவர் கையிலிருந்து போசியை வாங்கினேன். வாங்கினேன் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். பிடுங்கினேன். படிக்கட்டுக்கு மேலே, கம்பி ஓரமாக வைத்துவிட்டு விசில் கொடுத்தேன்.

அரை கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டோம். குறுக்கே வந்த ஆட்டுக்காக டிரைவர் அண்ணன் ஒடித்துத் திருப்பினார். போசி சறுக்கி, படியில் ஒரு முறை மோதி, ரோட்டில் போய் விழுந்தது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் விசில் அடித்தேன். பஸ் நின்றது.

மாதையன் இறங்கி ஓடினார். மூடி ஒரு பக்கம் கிடந்தது. களி உருண்டை மண்ணில் புரண்டு போயிருந்தது. கீரைக் கடைசல் தார் ரோட்டில் பச்சையாகத் தெறித்திருந்தது. அவர் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் களியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண் படாத பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

நான் படிக்கட்டிலிருந்தே சொன்னேன். "பாத்துப் புடிச்சிருக்கக் கூடாதா? ஏறுய்யா, டைம் ஆவுது."

இதுதான் அந்த வார்த்தை. தப்பு என்னுடையது என்று அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். என் மேல் பழி வந்துவிடும் என்ற பயத்தில் முந்திக்கொண்டு அவர் மேல் போட்டேன். நம் வேலையில் நாக்கு இப்படித்தான் முந்தும். உங்களுக்கும் ஒரு நாள் முந்தும்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அதோடு மறந்திருப்பேன். கையிலிருந்த களியைப் பார்த்தபடியே, யாருக்கும் சொல்லாத மாதிரி சொன்னார். "நேத்துதான் வாயத் தொறந்து கேட்டா. களியும் கீரையும் இருந்தா ஒரு வாய் திங்கறேன்னு."

முதலில் இறங்கியவர் கரீம் பாய். இந்தப் பேர்களும் எனக்குப் பிறகு தெரிந்தவைதான். தருமபுரியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவர். தினமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வருவார். அவர் மாதையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"யாருங்க, வூட்டுக்காரம்மாவா?"

"ஆமாங்க."

"உடம்புக்கு என்னங்க?"

மாதையன் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. தலைப்பிரசவம். குழந்தை வயிற்றுக்குள்ளேயே தவறிவிட்டது. அதற்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை. அதைவிட, அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பாலும் ரொட்டியும் அப்படியே இருக்கும். இவர் கொண்டுபோவதையும் திறந்துகூடப் பார்க்கமாட்டாள். 'சாப்பிடாம மருந்து மட்டும் என்ன செய்யும்' என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். வீட்டில் வேறு பொம்பளை இல்லை. இவர் விடியற்காலையில் எழுந்து களி கிண்டி எடுத்து வந்திருக்கிறார்.

பாய் தன்னுடைய டிபன் பாக்ஸை நீட்டினார். "இதை எடுத்துக்கங்க. கறி கிறி ஒண்ணும் இல்லீங்க. தயிர்சோறு, உருளைக்கெழங்கு. காலைல செஞ்சதுதான்."

மாதையன் கையை நீட்டாமல் தயங்கினார். அதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "அண்ணா, அந்தப் பொண்ணு கேட்டது களிதானே? எங்கிட்ட களி இருக்குது."

அது பாப்பாத்தி. தருமபுரியில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். மத்தியானச் சாப்பாட்டை ஒரு சின்ன அலுமினியப் போசியில் கொண்டுவருவாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"உங்களுக்கு மத்தியானத்துக்கு?" என்று மாதையன் கேட்டார்.

"எனக்கென்ன, அங்க யார்கிட்டயாவது வாங்கித் தின்னுக்குவேன். நீங்க போசிய நீட்டுங்க மொதல்ல."

போசி முழுக்க மண். எல்லாரும் அதைப் பார்த்தோம். அப்போது மூன்றாவது சீட்டிலிருந்து, "கண்டக்டர், தண்ணி எங்க?" என்று கேட்டது. ரயிலில் வந்து ஏறுகிற டைப்பிஸ்ட் அம்மா. கலெக்டர் ஆபீஸில் வேலை. கண்ணாடி போட்டு, வாரப் பத்திரிகையை விரித்தால் தருமபுரி வரைக்கும் தலை நிமிராதவர். அவரைக் கண்டால் எனக்கே கொஞ்சம் பயம்.

டிரைவர் அண்ணனிடம் குடிதண்ணீர் கேன் இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். மாதையன் போசியைப் பிடிக்க, நான் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் காலையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். பாப்பாத்தி களியை வைத்தாள். பாய் உருளைக்கிழங்கைத் தனியாக இலையில் சுற்றி மேலே வைத்தார். டைப்பிஸ்ட் அம்மா ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலைக் கொடுத்தார். நார்த்தங்காய் ஊறுகாய். "காய்ச்சல் வாய்க்கு இதுதான் இறங்கும். தொட்டுக்கச் சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒருத்தர், "எங்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. டைப்பிஸ்ட் அம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மறுபடி பஸ் கிளம்பியபோது மாதையன் உட்கார்ந்திருந்தார். பாய் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்க முயற்சி செய்துகொண்டு வந்தார். நான் மாதையனைத் தாண்டி இரண்டு மூன்று தடவை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் "டிக்கெட், டிக்கெட்" என்று சொல்லிக்கொண்டே தாண்டிவிட்டேன்.

மறுநாள் வேலமரத்தடியில் பஸ் நின்றதும், அவர் ஏறுவதற்கு வசதியாகப் போசியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கை தானாகவே பின்னால் போனது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சூடு பட்ட கை மறுபடி அடுப்புக்குப் போகாதல்லவா, அந்த மாதிரி. ஐம்பது பேர் முன்னால் அவர் என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ஏறி நின்றதும் பொதுவாகச் சொன்னார். "ரெண்டு வாய் சாப்பிட்டாளுங்க."

பாப்பாத்தி கைதட்டியே விட்டாள். அப்புறம் அவளே வெட்கப்பட்டுக்கொண்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு போசியை எடுத்தாள். அன்றைக்கு அவளிடம் இரண்டு போசிகள் இருந்தன. பாயிடம் இரண்டு டிபன் பாக்ஸ். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பஸ்ஸுக்குக் காலைச் செய்தி அதுதான். "இன்னிக்கு நாலு வாய்." "நேத்து களி பாதி உருண்டை." ஒரு நாள், "வாந்தி எடுத்துட்டா" என்றார். அன்றைக்குத் தருமபுரி வரைக்கும் பாய்கூடத் தூங்காமல் வந்தார். இன்னொரு நாள் மாதையன் டைப்பிஸ்ட் அம்மா சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "அம்மா, ஊறுகா தீந்துபோச்சான்னு கேக்கறா" என்றார். டைப்பிஸ்ட் அம்மா பத்திரிகையை மூடினார். கைப்பையிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் கொடுக்க ஒன்றுமில்லை. கல்யாணம் ஆகவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ரூம், மெஸ்ஸில் சாப்பாடு. அந்தச் சாம்பாரை எடுத்துப்போனால் அந்தப் பெண் மறுபடி சாப்பிடுவதை நிறுத்திவிடும். மாதையனுக்கு ஒரு சீட் காலியாக வைப்பேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நிற்கும் இடத்தைத் தாண்டி வாசலுக்கு நேராக நிறுத்தச் சொல்லி டிரைவர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். அவர், "அதை நான் ரெண்டாம் நாளே செய்ய ஆரம்பிச்சுட்டேன். நீ கவனிக்கல" என்றார்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் வேலமரத்தடியில் யாருமில்லை.

நான் விசில் கொடுத்தேன். பஸ் நின்றது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. உள்ளே ஊருக்குப் போகிற பாதையில் கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஒரு சைக்கிள்கூட இல்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கிளம்பலாமா என்று கேட்கிற பார்வை. அன்றைக்கும் ரயில் லேட்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்த நிமிஷம் உங்களுக்கும் வரும். வராத ஒருத்தருக்காக, வந்திருக்கும் அறுபது பேரை எவ்வளவு நேரம் நிறுத்தலாம்? அறுபது பேரில் ஒருத்தர் இன்டர்வியூவுக்குப் போகலாம். ஒருத்தர் கோர்ட்டுக்குப் போகலாம். இதற்கு எந்த ட்ரெயினிங்கிலும் பதில் கிடையாது. நான் பஸ்ஸுக்குள்ளே பார்த்துக் கேட்டேன். "அஞ்சு நிமிஷம் பாக்கலாங்களா? அவசரம் இருக்கறவங்க சொல்லிடுங்க."

ஒருவரும் சொல்லவில்லை. டைப்பிஸ்ட் அம்மா மட்டும், "எனக்கு ஆபீஸ் ரிஜிஸ்டர்ல லேட்டுன்னு சிவப்பு மை விழும். விழட்டும், நில்லுங்க" என்றார்.

ஐந்து நிமிஷம் நின்றோம். வரவில்லை. எல்லார் மனசிலும் ஒரே நினைப்புதான். புறப்படச் சொல்லி நான் இரண்டு விசில் கொடுத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் பாய் கேட்டார். "சாப்பாடு இருக்குதே. இதை யாரு கொண்டுபோறது?"

"நான் கொண்டுபோறேன்" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். தருமபுரியில் அடுத்த டிரிப்புக்கு முன்னால் எனக்கு அரை மணி நேரம் இருக்கும்.

"ஆம்பளைய பொம்பளைங்க வார்டுல விடுவாங்களா? நானும் வரேன்" என்றாள் பாப்பாத்தி.

"உனக்கு வேலைக்கு நேரமாவாதாக்கா?"

"மேஸ்திரி திட்டுவாரு. தினம் திட்டறவருதானே."

பஸ் ஸ்டாண்டில் இறங்கி இருவரும் ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "பேஷண்ட் பேரு என்ன?"

நான் பாப்பாத்தியைப் பார்த்தேன். பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். மூன்று வாரமாக அந்தப் பெண்ணுக்குச் சோறு போகிறது. எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று பஸ்ஸுக்கே தெரியும். பேர் யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. மாதையன் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

"பேரு தெரியாம யாரைப் பாக்கப் போறீங்க?"

பாப்பாத்தி தடுமாறிக்கொண்டே சொன்னாள். "கொழந்தை தவறிப் போச்சுங்க. காச்சல். வூட்டுக்காரரு போசியில களி கொண்டாருவாரு…"

பக்கத்தில் வாளியோடு போன வார்டு ஆயாம்மா நின்றார். "களியா? அட, பஸ்ஸுக்காரங்க சோறு திங்கற பொண்ணைச் சொல்றீங்களா? நீங்கதான் அந்த பஸ்ஸா?"

தலையை ஆட்டினேன். "அந்தப் பொண்ணு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்காம எங்க போவா? நேத்து சாயந்திரம் காச்சல் ஏறிப்போச்சு. வூட்டுக்காரரு ஊருக்குப் போகாம இங்கயே இருந்துட்டாரு. விடியறப்போ எறங்கிடுச்சு. சோறு இன்னும் வரலையேன்னு அப்பலேருந்து கேட்டுட்டு இருக்கறா."

பாப்பாத்தி அங்கேயே, வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாப் பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டு அந்த ஆயாம்மாவோடு உள்ளே போனாள்.

வராந்தாவில் ஒரு தூணில் சாய்ந்து மாதையன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தார். காக்கி உடுப்பைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழப் பார்த்தார்.

"சோறு உள்ள போயிடுச்சுங்க. ஒக்காருங்க" என்றேன். இதுதான் சமயம் என்று தோன்றியது. "அன்னிக்கு நான் அந்தப் போசிய…"

அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. கவலையோடு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏங்க, நீங்க இங்க ஒக்காந்திருக்கறீங்க. பஸ்ஸ யாருங்க பாத்துக்கறா?"

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்து ஓடினேன்.

பன்னிரண்டு நிமிஷம் லேட்டாகக் கிளம்பினோம். மெமோ வந்தது. விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். வயிற்று வலி என்று எழுதச் சொல்லிக் கூட இருந்தவர்கள் யோசனை சொன்னார்கள். நான், பயணி ஒருவரின் மனைவிக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன் என்றே எழுதினேன். படித்துப் பார்த்த அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை நான் எந்தக் கணக்குல சேர்க்கறது? வயித்து வலின்னா முடிச்சு வுட்டிருப்பேனே" என்றார். எச்சரிக்கை கொடுத்தார். அதற்கு நான் தகுதியானவன்தான். அறுபது பேர் அந்த டிரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் யாருடைய அவசரமும் எனக்குத் தெரியாது. நல்ல காரியம் செய்கிறோம் என்பதற்காக அதன் செலவு இல்லாமல் போய்விடாது. ஆனால் அந்தச் செலவைப் பொய் சொல்லி மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

பத்து நாள் கழித்து, சாயந்திரம் தருமபுரியிலிருந்து திரும்பும் டிரிப். ஆஸ்பத்திரி வாசலில் மாதையன் நின்றார். பக்கத்தில் ஒரு பெண். புடவையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஒரு கைப்பிடி உடம்பு. அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் இந்தத் தடவை விசிலை வாயிலிருந்தே எடுத்துவிட்டேன்.

காலையில் போகிற ஆட்கள்தான் சாயந்திரமும். தினமும் அவளைப் பற்றிப் பேசினவர்களுக்கு அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வார்டுக்குள் போய் வந்த பாப்பாத்திதான், "சாலம்மா, இங்க வா, இங்க ஒக்காரு" என்றாள். அவள் பேர் சாலம்மா என்று எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

சாலம்மா உட்கார்ந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "நார்த்தங்கா ஊறுகா யாருங்க?"

டைப்பிஸ்ட் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"மொதல்ல நாக்குல பட்டது அதாங்க. அதுக்கு முன்னால எதைத் தின்னாலும் மண்ணு மாதிரி இருந்துது." கையெடுத்துக் கும்பிட்டாள். "உருளைக்கெழங்கு?"

"நம்ம வூட்டுதும்மா" என்றார் பாய். தூக்கம் எல்லாம் போய்விட்டிருந்தது.

"பட்டை கொஞ்சம் தூக்கலுங்க. நல்லா இருந்துது."

"வூட்டுல சொல்றேன். கேட்டா நாளைக்கு முழுக்க அதையே பேசுவாங்க."

அப்படியே ஒவ்வொருத்தராகக் கேட்டு வந்தாள். கடைசியில் அவள் பார்வை என் மேல் வந்து நின்றது. "கண்டக்டரண்ணா, நீங்க என்ன குடுத்தீங்க?"

நான் மாதையனைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதல் நாள் நடந்ததை அவர் அவளிடம் சொல்லவே இல்லை என்று புரிந்தது. 'பஸ்ஸுல எல்லாரும் குடுத்தாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த 'எல்லாரும்' என்பதற்குள் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார். சீட் பிடித்துக் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"நான் ஒண்ணும் குடுக்கலம்மா. அவரு உனக்குக் கிண்டிக் கொண்டாந்த களிய ரோட்டுல கொட்டுனவன் நான்தான். அவரு கையிலிருந்து புடுங்கி, படியில வெச்சேன். வுழுந்துருச்சு. வுழுந்ததுக்கும் அவரைத்தான் திட்டுனேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கல." மாதையன் பக்கம் திரும்பினேன். "தப்புங்க. மன்னிச்சுக்கங்க."

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார்.

சாலம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அவரு கிண்டுன களியா?" என்றாள். "அண்ணா, நீங்கதான் எம் உசுரைக் காப்பாத்தியிருக்கறீங்க. இவுருக்குக் களி கிண்டவே தெரியாது. அன்னிக்கு நான் அதைத் தின்னுருந்தா, மறுபடி சோத்துப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்."

முதலில் சிரித்தது டிரைவர் அண்ணன். அப்புறம் பஸ்ஸே சிரித்தது. மாதையன், "ஏய், சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சாலம்மாவும் அப்படித்தான். அந்தக் குழந்தை தவறிய பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பாப்பாத்தி என்னிடம் பிறகு சொன்னாள்.

வேலமரத்தடியில் இறங்கினார்கள். இறங்கும்போது மாதையன் தன் கையிலிருந்த போசியை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் புடிங்க, இவளை எறக்கிக்கறேன்." நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். காலிப் போசிதான். அவர் அவளைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பி வாங்கிக்கொள்ளும் வரைக்கும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் ஒரு வேடிக்கை. பாய் பழக்கத்தில் இரண்டு டிபன் பாக்ஸோடு வந்துவிட்டார். பாப்பாத்தியிடமும் இரண்டு போசி. டைப்பிஸ்ட் அம்மாவின் கைப்பையிலும் ஒரு புது பாட்டில். மூவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இனி யாருக்குக் கொடுப்பது?

பாய் என்னைக் கூப்பிட்டார். "கண்டக்டர் தம்பி, நீங்க எங்க சாப்புடறீங்க?"

"மெஸ்ஸுலங்க."

"மெஸ்ஸுலயா!" என்றாள் பாப்பாத்தி. அந்த ஒரு வார்த்தையில் இருந்த பரிதாபத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அன்றைக்கு மத்தியானம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில், பின்சீட்டில் டிரைவர் அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, பாப்பாத்தியின் களியையும் பாய் வீட்டு உருளைக்கிழங்கையும் நார்த்தங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டோம். சாலம்மா சொன்னது சரிதான், பட்டை கொஞ்சம் தூக்கல்தான். நான் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை. பாத்திரங்களைக் குழாயடியில் கழுவி, துடைத்து, சாயந்திரம் அவரவரிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒவ்வொருத்தரிடமும் அவர்கள் பேரைக் கேட்டுக்கொண்டேன்.